கேட்டுவிட்டு நிற்பவர்

“எப்படி இருக்கிய?” என்று கேட்டுவிட்டு அவர் நிற்பார். அவரோடு பழகியவர்களுக்கெல்லாம் இருந்த தொந்தரவு அது ஒன்றுதான்.

நாமும்தான் கேட்கிறோம். ஆனால் கேட்டபடியே நடந்து போய்விடுவோம். எதிரில் வந்தவரும் ‘நல்லா இருக்கேன்’ என்பதை நம் முதுகுக்குத்தான் சொல்வார். இந்த அம்மா அப்படியில்லை. கையிலிருக்கும் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து, எதிராளியின் முகத்தைப் பார்த்தபடி நிற்பார். ‘நல்லா இருக்கேன்’ என்று சொன்ன பிறகும் நிற்பார். பதில் இனிமேல்தான் வரப்போகிறது என்பது போல.

எங்கள் அலுவலகத்துக்குக் கீழே டீக்கடை வைத்திருந்த மலையாளத்துக்காரர் முதல் நாள் மாட்டிக்கொண்டார். “நல்லா இருக்கேன் மேடம், டீயா காப்பியா?” என்றார். மேடம் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் பாய்லரைத் திருகினார், கிளாஸைக் கழுவினார், ஏற்கெனவே கழுவிய கிளாஸை மறுபடியும் கழுவினார். கடைசியில், “ராத்திரியில தூக்கம் வர்றதில்ல மேடம்” என்றார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஊரில் அம்மா தனியாக இருக்கிறார், படுத்தால் அந்த நினைப்புதான் என்றெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குப் பால் ஞாபகமே வந்தது. அதற்குப் பிறகு காலையில் எங்களைப் பார்த்ததும் அவராகவே தூக்க நிலவரத்தைச் சொல்லிவிடுவார். “இன்னிக்கிப் பரவால்ல மேடம். ஒரு தூக்கம் தூங்கிட்டேன்.”

கட்டடத்தின் சொந்தக்காரர் மட்டும் மேடத்தைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார். “அந்தம்மா கண்ல பட்டா அரை மணி நேரம் போச்சு” என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். அந்த அரை மணி நேரமும் பேசிக்கொண்டிருந்தது அவர்தான் என்பதை நான் சொல்லவில்லை.

இது எண்பதுகளின் பின்பாதியில் நடந்தது. ஓசூரில் தொழிற்பேட்டை வளர்ந்துகொண்டிருந்தது. எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து இறங்கினார்கள். பேருந்தில் ஏறினால் நாலு மாவட்டத்துத் தமிழும் கன்னடமும் தெலுங்கும் சேர்ந்து கேட்கும். என் வீட்டுக்காரருக்கு இரும்புத் தகடு அடிக்கிற கம்பெனியில் வேலை. மத்திகிரியில் வாடகைக்கு இருந்தோம். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, பெங்களூர் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மூன்று பாஷையும் பேசத் தெரிய வேண்டும் என்றார்கள். ஓசூரில் பிறந்தவளுக்கு அதற்கென்று தனியாகப் படிக்க வேண்டியதில்லை. என்னோடு சேர்ந்த இன்னொருவர் பாகலூர் முனிராஜ். எங்கள் இருவருக்கும் மேலாக, புள்ளியியல் படித்த இந்த மேடம்.

அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். பருத்திப் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், மழை வெயில் பார்க்காமல் கூடவே வரும் குடை. எங்கள் ஊர் ராகிக் களியை முதல் தடவை சாப்பிட்டபோது மென்றார். மெல்லக் கூடாது, அப்படியே விழுங்க வேண்டும் என்று முனிராஜ் சொல்லிக் கொடுத்ததும் ஒரு உருண்டையை முழுசாகத் தீர்த்துவிட்டு, “இதைச் சாப்பிட்டுட்டு மலையையே தூக்கலாம் போல இருக்கே” என்றார்.

அவரிடம் யாராவது எதையாவது கேட்டாலும் உள்ளது உள்ளபடி பதில் வரும். பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி துணிந்து, “வீட்டுக்காரரு எங்கம்மா இருக்காரு?” என்று கேட்டுவிட்டாள். “இருந்தாரு. ஒத்து வரல. இப்ப நான் சௌரியமா இருக்கேன். அவரும் அப்படித்தான் இருப்பாருன்னு நினைக்கேன்” என்றார் மேடம். சொல்லிவிட்டு, இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமா என்பது போல நின்றார். அந்த அம்மாவுக்கு அடுப்பில் ஏதோ வைத்தது நினைவுக்கு வந்துவிட்டது.

எங்கள் வேலை என்னவென்று முதல் நாளே விளக்கினார். “ஒரு ஊர்ல மனுஷங்க எத்தனை வருஷம் இருக்காவன்னு கணக்குப் போட ஏற்கெனவே ஆள் உண்டு. எத்தனை வருஷம் நல்லா இருக்காவன்னு நாம பாப்போம். ஒருத்தரு அறுபதுல போனாருன்னு சொன்னா அது பாதிக் கதை. அம்பதுலயே படுத்துட்டாருன்னா?”

கணக்கு கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. இன்னின்ன வயதைத் தாண்டி எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று ஓர் அட்டவணை. அப்படி மிஞ்சியவர்களில், தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் ஒவ்வொரு வயதிலும் எத்தனை பங்கு என்று வீடு வீடாகக் கேட்டு எடுத்த விவரம். இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் வருவது உடம்பு நன்றாக இருந்து வாழ்ந்த ஆயுள். மேடம் அதை ‘நல்ல வருஷம்’ என்றே சொல்வார். ஊர் மொத்தத்துக்கும் ஒன்றாகப் போடாமல் விவசாயம் செய்பவர்கள், கம்பெனி ஆட்கள், கல்குவாரியில் வேலை செய்பவர்கள் என்று பிரித்து, அதிலும் ஆண் பெண் தனியாகப் பார்க்க வேண்டும். “ஊருக்கெல்லாம் ஒரே அளவுல சட்டை தைச்சா ஒருத்தருக்கும் சேராது” என்பார்.

நாங்கள் கொண்டுபோன தாளில் ‘உங்கள் உடல்நிலை எப்படி உள்ளது? நன்று, சுமார், மோசம்’ என்று ஒரு கேள்வி இருந்தது. பாகலூரில் ஒரு வயதான அம்மாவிடம் அதை வாசித்தேன். “நல்லாத்தான் இருக்கிறன்” என்றாள். ‘நன்று’ என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தேன். மேடம் என் கையைத் தொட்டு நிறுத்தினார். அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா சொன்னாள்: “ஒக்காந்தா எந்திரிக்க முடியல. எந்திரிச்சா ஒக்கார முடியல. மத்தபடி நல்லாத்தான்மா இருக்கிறன், எனக்கென்ன கேடு?”

வெளியே வந்ததும் முனிராஜ் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. “வாய் மரியாதைக்கு ஒண்ணு சொல்லும். உடம்புக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது” என்றார். மறு வாரமே கேள்வி மாறிவிட்டது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வரை வர முடிகிறதா? குந்தி உட்கார்ந்து பால் கறக்க முடிகிறதா? பிடித்துக்கொள்ளாமல் பேருந்துப் படி ஏற முடிகிறதா? கேட்டதும் சில கிழவிகள் எழுந்து செய்தே காட்டினார்கள். இன்னும் சிலர் எழ முயன்று, முடியாமல் சிரித்தார்கள்.

அவர் இப்படி நிற்பது எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். எனக்கே சில நாள் பயமாக இருக்கும். ஒரு வீட்டில், மகனை விபத்தில் பறிகொடுத்த ஒரு பெண். மேடம் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவள் பேசினாள், பிறகு அழுதாள், பிறகு அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “நீ கேட்டுப்புட்டு அடுத்த ஊட்டுக்குப் போயிடுவ. நான்தான இங்க ஒக்காந்து அழுதுக்குனு இருக்கணும்? போம்மா” என்று கதவைச் சாத்தினாள். மேடம் தெருவில் நின்றுவிட்டார். அன்று மீதி வீடுகளுக்குப் போகவில்லை. மறு நாள் அதே வீட்டுக்குத் தனியாகப் போனார். தாள், பேனா எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண் பிற்பாடு சந்தை நாளில் எங்கள் அலுவலகத்துப் படியேறி வந்து, மேடம் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போவாள்.

என் வீட்டுக்காரர் பேசாத மனிதர். ஒரு மாலை என்னைக் கூட்டிப்போக சைக்கிளில் வந்தார். நான் மேலே தாள்களை அடுக்கிவிட்டு இறங்குவதற்குள் மேடம் அவரிடம் கேட்டுவிட்டிருந்தார். நான் படியில் வரும்போது அவர் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தார். “காதுக்குள்ள எந்நேரமும் ஒரு சத்தங்க. ஷிப்டு முடிஞ்சு வந்தாலும் மெஷின் ஓடிக்கிட்டே இருக்கற மாதிரி. பிள்ளைங்க கூப்பிட்டா சமயத்துல கேக்கறதே இல்ல. கோவமா இருக்கேன்னு நெனச்சுக்குதுங்க.” நான் அப்படியே நின்றுவிட்டேன். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போகும் வழியில், “எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றேன். “நீ எங்க கேட்ட?” என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவருடைய வலது பக்கமாக உட்கார்ந்து பேசப் பழகிக்கொண்டேன். அந்தக் காதில் நன்றாகக் கேட்டது.

அந்த வருஷம் எங்கள் ரமலான் நோன்பு கடுங்கோடையில் வந்தது. மேடம் என்னைப் பார்த்து வழக்கம்போலக் கேட்டார். ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லி அவரிடம் பிழைக்க முடியாது என்று தெரிந்திருந்ததால், “தாகமா இருக்கு மேடம்” என்றேன். அந்த மாதம் முழுக்க விடியலிலேயே கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்பினோம்.

இப்படி மூன்று கூட்டத்தாரையும் கேட்டு முடித்து, மேடம் கணக்குப் போட உட்கார்ந்தார். அலுவலகத்தில் காகிதச் சுருள் வைத்த கணக்கு மெஷின் ஒன்று இருந்தது. கடகடவென்று அது அச்சடித்துக் கக்கும் காகிதம் மேசையிலிருந்து தரைக்கு இறங்கிக் கதவு வரை போகும். கடைசியில் வந்த விடை எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. மூன்று கூட்டத்திலும் அதிக நல்ல வருஷம் வாழ்பவர்கள் கல்குவாரி ஆண்கள். அவர்களுக்கு அடுத்துத்தான் கம்பெனி ஆட்கள். விவசாயம் செய்கிற ஆண்கள் கடைசி.

நிறுவனத்தின் இயக்குநர் பெங்களூரிலிருந்து காரில் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்கு ஒரே சந்தோஷம். “கடின உழைப்பே ஆரோக்கியம்னு தலைப்பே வச்சிடலாமே!” என்றார்.

“எனக்கு நம்பிக்கையா இல்ல சார்” என்றார் மேடம்.

“ஏன், கணக்குல தப்பு இருக்கா?”

“கணக்கு சரியாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்னம்மா?”

“அதான் தெரியல சார்.”

அவர் பொறுமையான மனிதர். ஆனால் அவருக்கும் நெருக்கடி இருந்தது. நெஞ்சுச் சளி, இளைப்பு பார்க்கிற மருத்துவ வேன் ஒன்றை மாவட்டத்தில் விடப்போகிறார்கள். எந்தப் பக்கம் விடுவது என்று முடிவு செய்ய எங்கள் அறிக்கையைக் கேட்டிருந்தார்கள். அறிக்கை இப்படியே போனால் குவாரிக்காரர்களுக்கு வேன் தேவையில்லை என்று ஆகிவிடும். இயக்குநர் கொஞ்சம் தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

மறு நாள் நாங்கள் மூவரும் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரி ஒன்றுக்குப் போனோம். சாப்பாட்டு நேரம். கம்ப்ரசரை நிறுத்தியிருந்தார்கள். தார்ப்பாய் நிழலில் ஆட்கள் உட்கார்ந்து தூக்குப் போசியைத் திறந்துகொண்டிருந்தார்கள். முடி, புருவம், கண்ணிமை எல்லாம் வெள்ளையாகக் கல் தூசி. துளை போடுகிற மெஷின்கள் பாறைமேல் சாய்ந்து கிடந்தன. ஓர் ஆளிடம் மேடம் கேட்டார். முப்பது வயது இருக்கும். தோள் இரண்டும் உரல் மாதிரி.

“நல்லா இருக்கிறன்மா.”

மேடம் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவன் ஒரு கவளம் சாப்பிட்டான். நிமிர்ந்து பார்த்தான். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

“இன்னாம்மா அப்பிடிப் பாக்கற? நெஜமாவே நல்லாத்தான் இருக்கிறன். நல்லா இல்லாதவன் இங்க இன்னாத்துக்கு இருக்கப் போறான்? மெஷினத் தூக்க முடியலன்னா அன்னிக்கே மூட்டையக் கட்டிக்குனு ஊருக்குப் போயிடுவான்.”

“எந்த ஊருக்கு?” என்றார் மேடம்.

“அவனவன் ஊருக்குத்தான். சாமல்பட்டிப் பக்கத்து ஆளுங்கதான் இங்க நெறைய.”

மேடம் அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவன் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். பேருந்தில் வரும்போது என் பக்கம் திரும்பினார். “ஜமீலா, பள்ளிக்கூடத்துக்குள்ள போய் வகுப்புல இருக்குற பிள்ளைகளை எண்ணியிருக்கோம். எண்ணிட்டு, இந்த ஊர்ல ஒருத்தரும் படிப்பை நிறுத்தலன்னு எழுதியிருக்கோம்.”

சாமல்பட்டிப் பக்கத்துக் கிராமங்கள் எங்கள் கணக்கில் ஏற்கெனவே இருந்தன. அவை முனிராஜ் பார்த்த ஊர்கள். கிருஷ்ணகிரியில் பேருந்து மாறி, சாமல்பட்டி ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கி, மண் சாலையில் நடந்தோம். முதல் வீட்டை நெருங்கியதும் முனிராஜ் நின்றார்.

“இது நான் எழுதின வீடு மேடம். விவசாயம்னுதான் சொன்னாங்க.”

“நீங்க என்ன கேட்டிய?”

“என்ன வேலை செய்றீங்கன்னு கேட்டன்.”

“அப்ப அவரும் சரியாத்தான் சொல்லியிருக்காரு. நான்தான் உங்க கையில தப்பான கேள்வியைக் கொடுத்துட்டேன்” என்றார் மேடம்.

மாட்டுக் கொட்டகை ஓரமாகக் கட்டிலில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டார். கழுத்துக்குக் கீழே எலும்பு தனியாகத் தெரிந்தது. அவர் மனைவி புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

“அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்காரு” என்றாள், நாங்கள் அவரைக் கேட்பதற்கு முன்பே.

மேடம் தரையில் உட்கார்ந்தார். கேட்டார். காத்திருந்தார். கோழி ஒன்று அவர் புடவைமேல் ஏறி இறங்கிப் போனது. அவர் அசையவில்லை.

“ரெண்டாள் தூக்கற மெஷினை... ஒண்டியாளாத் தூக்கினவன் நானு” என்றார் அந்த மனிதர். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். “இப்ப சட்டைய மாட்டறதுக்குள்ள... இளைப்பு வந்துடுது. பொண்ணு வந்து... பொத்தான் போட்டு வுடுது.”

அவர் மனைவி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்து வாசற்படியில் நின்றாள். “நல்லாத்தான் இருக்காருன்னு சொன்னா அவருக்குக் கொஞ்சம் தெம்பா இருக்குமேன்னு சொன்னன்மா” என்றாள்.

மேடம் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. எந்த வயதில் குவாரிக்குப் போனார், எப்போது இருமல் தொடங்கியது, எப்போது வீட்டுக்கு வந்தார் என்று மட்டும் கேட்டார். அவர் ஆர்வமாகவே சொன்னார். தான் உடைத்த பாறைகளைப் பற்றி, எந்தக் கல்லில் எந்தப் பக்கம் பிளவு வரும் என்பதைப் பற்றியெல்லாம் சொன்னார். கிளம்பும்போது, “இந்தச் சந்துலயே... இன்னும் நாலஞ்சு பேரு இருக்கறாங்க. பாத்துட்டுப் போங்க” என்றார்.

பார்த்தோம். எல்லோரும் எங்கள் தாளில் விவசாயிகள்தான். உடம்பு கெட்ட குவாரி ஆட்களெல்லாம் வீட்டுக்கு வந்து விவசாயக் கணக்கில் சேர்ந்து அதைக் கீழே இழுத்திருக்கிறார்கள். திடமாக இருப்பவர்கள் மட்டும் குவாரியில் மிஞ்சி அந்தக் கணக்கை உயர்த்தியிருக்கிறார்கள்.

‘இப்போது என்ன வேலை?’ என்பதோடு, ‘உங்கள் வாழ்நாளில் அதிகக் காலம் செய்த வேலை எது?’ என்றும் கேட்க வேண்டும் என்றார் மேடம். இறந்துபோனவர்களுக்கும் அதே கேள்வி. எல்லா வீட்டிலும், முதலிலிருந்து.

முனிராஜுக்குப் பொறுக்கவில்லை. “மறுபடியும் எல்லா ஊடுமா மேடம்? எங்களைப் பாத்துப் பாத்து நாய்ங்ககூட கொலைக்கறதை வுட்டுடுச்சு!”

மேடம் அவரைப் பார்த்தார். “எப்படி இருக்கிய முனிராஜு?” என்றார்.

முனிராஜ் முதலில் முறைத்தார். பிறகு சின்ன மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருவதை, மனைவி தனியாக அல்லாடுவதை, தனக்குக் கணுக்கால் வீங்கியிருப்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்றே அவரை விடுமுறையில் அனுப்பிவிட்டார் மேடம். அவருடைய ஊர்களில் பாதியைத் தானே நடந்து முடித்தார். பல வீடுகளில் தெலுங்குதான் பேசுவார்கள். மேடத்துக்கு ஒரு சொல் தெரியாது. அவர்கள் சொன்னதைச் சத்தம் மாறாமல் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் வாசித்துக் காட்டுவார், நான் அர்த்தம் சொல்வேன். திருநெல்வேலி வாயில் அந்தத் தெலுங்கைக் கேட்டு நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்த நாட்கள் உண்டு. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

மறுபடியும் காகிதச் சுருள் கதவு வரை போனது. இந்தத் தடவை குவாரி ஆண்கள் எல்லோருக்கும் கீழே இருந்தார்கள். விவசாயம் மேலே ஏறியிருந்தது. ஆனால் மேடத்துக்கு இன்னொரு கவலை. குவாரிக் குடும்பங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒரு வீட்டைச் சேர்த்தால் விடை ஏறுகிறது, ஒரு வீட்டை எடுத்தால் இறங்குகிறது. பக்கத்துப் பக்கத்து வயதுகளைச் சேர்த்துப் பார்த்தார், தனித்தனியாகப் பார்த்தார். கடைசியில் ஒற்றை எண்ணாகச் சொல்வதில்லை என்று முடிவு செய்தார். இதிலிருந்து இதற்குள் என்றுதான் எழுதினார்.

கிருஷ்ணகிரிக் கூட்டத்தில் அதற்குத்தான் சிக்கல் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, “இதென்னம்மா, இதுலேருந்து அதுவரைக்கும்னு? ஒரே நம்பரா சொல்லுங்க. எழுதிக்கிறேன்” என்றார்.

“ஒரே நம்பரா சொன்னா அது பொய்யாயிரும் சார்.”

“அப்ப உங்களுக்கே சரியாத் தெரியாதுன்னு அர்த்தம்.”

“ஆமா சார். எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாதுங்கிறதைத்தான் எழுதியிருக்கேன். ஆனா ஒண்ணு பாருங்க. குவாரிக்காரங்களுக்கு இருக்குறதுலயே கூடுதலா வச்சுக்கிட்டாலும், மத்தவங்களுக்கு இருக்குறதுலயே குறைச்சலா வச்சுக்கிட்டாலும், அப்பவும் இவங்க அவங்களைத் தொடல.”

இயக்குநர் எழுந்தார். “இந்தப் பாகத்தை முதல்ல நான்தான் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டேன். இந்தம்மா சொல்றது சரி” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. பெண்களைப் பற்றிய பாகத்தை மேடம் சொன்னபோது சிலர் சிரித்தார்கள்: பெண்களுக்கு ஆயுள் கூடுதல்தான், ஆனால் கூடுதலாகக் கிடைத்த வருஷமெல்லாம் முட்டி வலியோடு போகிறது. காபி கொடுத்துக்கொண்டிருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரோடு நின்று கேட்டாள்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது மேடம் அந்த அதிகாரியிடம், “எப்படி இருக்கிய சார்?” என்று கேட்டுவிட்டார். நானும் முனிராஜும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஜீப் கதவில் கை வைத்தபடி அவர் தன் சர்க்கரை வியாதியைச் சொல்லி முடிக்கும்வரை டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

வேன் சாமல்பட்டிப் பக்கத்துக்கே வாரா வாரம் வருவது என்று முடிவானது. வந்த முதல் வாரம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வேனைப் பார்த்ததும் குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குப் பிடித்துப்போக வந்திருக்கிறார்கள் என்று பேச்சு பரவி, ஆண்கள் எல்லோரும் காட்டுக்குப் போய்விட்டார்கள். டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். உச்சி வெயிலில் ஒரு மாட்டு வண்டி வந்தது. புளி உடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண், வைக்கோல் பரப்பிப் புருஷனைச் சாய்த்து உட்கார வைத்து, தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். இறங்கியதும் டாக்டரிடம், “நல்லா இல்லீங்க இவரு. நல்லாவே இல்ல” என்று கத்திச் சொன்னாள். ஊரே கேட்டது. மறு வாரம் வேனுக்கு முன்னால் வரிசை நின்றது.

கல் தூசி நுரையீரலில் போட்ட வடுவை ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னார். ஆனால் வண்டியில் வந்தவருக்கு அதன்மேல் காசநோயும் ஏறியிருந்தது. அது மருந்துக்குக் கட்டுப்படும். குவாரிகளில் ஒன்றில் மட்டும் தண்ணீர் விட்டுத் துளை போட ஆரம்பித்தார்கள். மற்றவற்றில் தூசி பழையபடிதான். அதையும் சொல்ல வேண்டும்.

அதற்கடுத்த வருஷம் மேடம் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனார். போவதற்குக் கொஞ்சம் முன்னால், சாமல்பட்டிக்கு ஒரு தடவை போய்வருவோம் என்றார். மூவரும் போனோம். கட்டில் காலியாக இருந்தது. “மாட்டை ஓட்டிக்குனு போயிருக்காரு, வந்துடுவாரு” என்றாள் அந்தப் பெண். சோறு போட்டாள். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவர் வந்தார். சதை போட்டிருந்தார். சட்டையின் பொத்தான்கள் மேலும் கீழுமாக மாறிப் போட்டிருந்தன. தானே போட்டுக்கொண்டது என்று மகள் சொல்லிச் சிரித்தாள்.

பேருந்து நிறுத்தம் வரை தானும் வருவேன் என்றார். மனைவி கூடாது என்றாள். கேட்கவில்லை. எங்கள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பாதி வழியில், ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மேடமும் தன் செருப்பு வாரில் ஏதோ சிக்கியது போலக் குனிந்து அதையே சரிசெய்துகொண்டிருந்தார். அவர் எழுந்ததும் இவரும் நிமிர்ந்தார். மறுபடி நடந்தோம். மகனைக் குவாரிக்கு அனுப்பவில்லை, ஊத்தங்கரையில் தையல் கடையில் விட்டிருக்கிறேன் என்றார். உங்கள் ஊரில் மழை உண்டா என்று மேடத்தைக் கேட்டார். நிலையத்தைத் தாண்டிச் சரக்கு வண்டி ஒன்று போனது. அது போய் முடியும்வரை பேச்சை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பேருந்து வந்தது. பையை அவரே மேலே ஏற்றி வைத்தார். “நீங்க போங்க. நான் கொஞ்சம் ஒக்காந்துட்டு நடந்துக்கிறன்” என்றார்.

வண்டி நகர்ந்ததும் மூவரும் திரும்பிப் பார்த்தோம். அவர் உட்காரவில்லை. பெட்டிக்கடையில் நின்று கடைக்காரரிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். திருப்பத்தில் மறையும்வரை மேடம் பார்த்தார். பிறகு முந்தானையில் முடிந்து வைத்திருந்த கொய்யாப் பழத்தை எடுத்தார். அந்தப் பெண் கொடுத்தது. மூன்றாகப் பிட்டு முனிராஜுக்கு ஒன்றை நீட்டிவிட்டு, பெரிய துண்டை என்னிடம் கொடுத்தார். ஒரு கடி கடித்து, ஜன்னல் காற்றில் கண்ணை மூடிக்கொண்டு, “நல்லா இனிக்குது, என்ன?” என்றார்.